மூன்று என்ற எண் வந்த வழி

மினேகாவா டவுன் ஆபீசின் திட்டப் பிரிவில் வேலை பார்க்கும் குனிதொமோ மிசாதோ, போன ஏப்ரலில் ஒரு காகிதத்தில் மூன்று என்று எழுதினாள். அதை எழுத அவள் இரண்டு விநாடி யோசித்திருப்பாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி யோசித்து யோசித்தே அவளுக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்காமல் போயிற்று, தலையில் ஒரு பக்கம் நரைக்கவும் தொடங்கிவிட்டது.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் மலையடிவார ஊர். ஆபீசே நடத்தும் சின்ன பஸ்கள் எட்டுத் தடங்களில் ஓடுகின்றன. பாதி பஸ்ஸில் டிரைவரும் காற்றும்தான். எதை நிறுத்துவது, எதை ஓட்டுவது என்று ஒரு விதி வேண்டும் என்றார் மேயர். விதி எழுதும் வேலை மேலிருந்து கீழே இறங்கி, இனிமேல் தள்ளிவிட ஆள் இல்லாத இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த இடம் மிசாதோவின் மேஜை. முப்பத்தாறு வயது, பன்னிரண்டு வருஷ சர்வீஸ், லீவு கேட்க மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள். இப்படி ஒருத்தி ஆபீசில் இருந்தால் வேலைகள் மோப்பம் பிடித்துக்கொண்டு அவளிடமே வரும்.

வரைவை எழுதிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "ஒரு நடைக்குச் சராசரியாக இத்தனை பேருக்குக் குறைவாக ஏறும் தடங்கள் நிறுத்தப்படும்." எத்தனை பேர்? பிரிவுத் தலைவர் முராகோஷியிடம் போய்க் கேட்டாள்.

"இப்போதைக்கு ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு வைங்க குனிதொமோ-சான்," என்றார் அவர், குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ஒரு சான் சேர்த்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டே. "காலியா அனுப்பினா மேல திருப்பி விட்டுடுவாங்க. அப்புறமா எல்லாரும் உட்கார்ந்து பேசி மாத்திக்கலாம்."

உரித்த பழத்தில் பாதியையும் அவளுக்குக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

அவள் மேஜைக்குத் திரும்பி மூன்று என்று போட்டாள். இரண்டு என்றால் விளையாட்டுக்கு எழுதியது போல இருந்தது. நாலு எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஆகாத எண், ஆஸ்பத்திரியில்கூட நாலாம் நம்பர் அறை கிடையாது. ஐந்து என்றால் எட்டுத் தடமும் போய்விடும். ஆகவே மூன்று. ஆராய்ச்சி அவ்வளவுதான்.

காகிதம் முத்திரை வாங்கக் கிளம்பியது. அதன் முதல் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள். கடைசி ஊழியர் தொடங்கி மேயர் வரைக்கும் ஒவ்வொருவரும் தம் பெயர் வெட்டிய முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்துத் தம் கட்டத்தில் அடிக்க வேண்டும். மரியாதை தெரிந்தவர்கள் நேராக அடிக்க மாட்டார்கள். இடப்பக்கத்துக் கட்டம் மேலதிகாரியுடையது என்பதால், அவரைப் பார்த்துக் குனிவது போல முத்திரையைக் கொஞ்சம் சாய்த்து அடிப்பார்கள். சாய்மானம் சரியாக வருகிறதா என்று பார்க்கும் கவனத்தில் கால்வாசியை உள்ளே இருக்கும் எழுத்தின் மீது வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பதினோரு முத்திரை விழுந்தது. போக்குவரத்துப் பிரிவு பார்த்திருக்கும் என்று நிதிப் பிரிவு நினைத்தது. சட்டப் பிரிவு பார்த்திருக்கும் என்று போக்குவரத்துப் பிரிவு நினைத்தது. கீழே இத்தனை பேர் பார்த்துவிட்டார்களே என்று மேலே இருப்பவர்கள் நினைத்தார்கள். மேலே போனால் யாராவது கேட்காமலா இருப்பார்கள் என்று கீழே இருந்த மிசாதோ நினைத்தாள்.

அடுத்தது ஆலோசனைக் குழு. டாக்சிக்காரர் சங்கம், மாதர் சங்கம், பக்கத்து நகரத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர் என்று பதினான்கு பேர். பேராசிரியர் மட்டும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இந்த மூணு எப்படி வந்தது?" என்று கேட்டார். பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மிசாதோவின் பேனா நின்றுவிட்டது. "பல கோணங்களிலும் ஆராய்ந்து முடிவு செய்தது," என்றார் முராகோஷி. பேராசிரியர் தலையாட்டினார். ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்க, ஆட்சேபணை இல்லை என்று பதினான்கு பேரும் சேர்ந்து சொன்னார்கள். பிறகு ஒரு மாதம் பொதுமக்கள் கருத்துக்காக வரைவை வாசலில் ஒட்டி வைத்தார்கள். வந்த கருத்து ஒன்றே ஒன்று, பஸ் கால அட்டவணையில் எழுத்து பொடியாக இருக்கிறது என்று. எழுத்தைப் பெரிதாக்கினார்கள். மூன்று அப்படியே விதியாகிவிட்டது.

மிசாதோ வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாகாணத் தலைநகரில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அரசாங்கம் ஒரு கொள்கையை எப்படி உண்டாக்குகிறது என்று ஒரு வாத்தியார் பலகையில் வட்டம் போட்டுக் காட்டினார். பிரச்சினை, அதிலிருந்து அம்புக்குறி போட்டு வரைவு, பிறகு முடிவு, பிறகு செயல், பிறகு மதிப்பீடு, மறுபடி பிரச்சினை. "இதுல தப்பு இருந்தா எந்த இடத்துல தெரியும் சார்?" என்று மிசாதோ கேட்டாள். மதிப்பீட்டில் தெரிந்துவிடும் என்றார் அவர். அவளும் நோட்டில் எழுதிக்கொண்டாள். மதிப்பீடு என்றால், எழுதின விதிப்படி எண்ணினோமா என்று பார்ப்பது மட்டும்தான் என்பது அவளுக்கு அக்டோபரில்தான் புரிந்தது.

அக்டோபரில் கணக்கெடுப்பு. வருஷத்துக்கு ஒரே ஒரு வாரம். ஒகுசாவா தடத்துக்கு யார் போவது என்று வந்தபோது ஆள் இல்லை, மிசாதோவே போனாள். ஒகுசாவா அவள் பிறந்த ஊர். மலைக்கு உள்ளே பஸ் திரும்பும் கடைசி நிறுத்தம். அந்த வீட்டில் இப்போது அவள் அண்ணன் தகானோரி மட்டும் இருக்கிறான்.

தகானோரிக்கு நாற்பத்து நாலு வயது. ஐந்தாறு வருஷமாகக் கண் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. இப்போது குழாய்க்குள் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். கார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து இரண்டு வருஷமாகிறது. ஆனாலும் டவுனில் டோஃபு என்னும் சோயாப்பால் கட்டி செய்யும் ஆலையில் பத்தொன்பது வருஷமாக அவன்தான் அந்தக் கட்டிகளை வெட்டுகிறான். கை பழகிவிட்டது, கண் வேண்டாம். காலை ஆறு ஐம்பது பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவான். அந்த பஸ் இல்லையென்றால் ஆலை இல்லை. ஆலை இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு, மாகாணத் தலைநகரில் பார்வையற்றோர் விடுதியில் போய்ப் படுக்க வேண்டியதுதான். அவனுக்கு வேறு வழியே கிடையாது. மிசாதோ குடியிருப்பது ஆபீஸ் ஊழியருக்கான ஒற்றை அறை, இன்னொருவரை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

அந்த வாரம் முழுக்க அவள் பஸ்ஸின் முன்சீட்டில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் அநியாயத்துக்குக் காலியாக இருந்தது, வழியில் இருக்கும் நிறுத்தங்களில் மட்டும் இரண்டு மூன்று பேர் ஏறினார்கள். அண்ணன்கூட ஏறவில்லை. போன் செய்து கேட்டதற்கு, "இந்த வாரம் ஷிஃப்ட் மாத்திட்டாங்க, கூட வேலை பாக்கறவரு கூட்டிட்டுப் போறார்," என்றான். வெள்ளிக்கிழமை கூட்டி வகுத்துப் பார்த்தாள். இரண்டு புள்ளி எட்டு. மூன்று தடவை போட்டுப் பார்த்தாள், அதேதான். விதிப்படி மார்ச் முப்பத்தொன்றோடு ஒகுசாவா பஸ் நிற்கும்.

திங்கட்கிழமை காலை முராகோஷியின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்த மூணு... அது சும்மா போட்டு வச்சது. நீங்கதான் அப்புறம் மாத்திக்கலாம்னு சொன்னீங்க."

முராகோஷி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஞாபகம் இருக்கு. ஆனா இப்ப எப்படி மாத்தறது? பதினோரு பேர் முத்திரை விழுந்திருக்கு. சும்மா போட்ட நம்பர்னு நாம சொன்னா, மேயர்லேர்ந்து எல்லாரும் படிக்காம அடிச்சாங்கன்னு ஆகும். அந்தக் குழு படிக்காம ஒத்துக்கிச்சுன்னு ஆகும். இதே விதியால வேற ரெண்டு தடமும் நிக்கப் போகுது, அந்த ஊர்க்காரங்க சும்மா விடுவாங்களா?"

"நான் எழுதினதுன்னே சொல்லிடறேன் சார்."

"சொன்னா விசாரணை வைப்பாங்க. உங்க வேலை போகும். போனாலும் பரவாயில்லைன்னு வைங்க. உங்க அண்ணன் போற பஸ் இது. அதுக்காகத்தான் இப்ப கதை கட்டறாள்னு ஊரே சொல்லும். விதியும் மாறாது, உங்க பேரும் கெடும்." பெருமூச்சு விட்டார். "நான் மார்ச்ல ரிட்டயர் ஆகறேன் குனிதொமோ-சான். உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்லை."

மிசாதோ சீட்டுக்குத் திரும்பினாள். அவளைக் கட்டிப்போட்ட கயிறு அவள் கையால் திரித்தது. எந்த முடிச்சை இழுத்தாலும் வேறொரு முடிச்சு இறுகியது. ஒகுசாவாவில் விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும், அதற்கு ஊர்க்காரர்கள் கேட்கக்கூடிய கேள்விகளையும் பதில்களையும் முன்கூட்டியே தயாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதையும் எழுதினது அவள்தான். இருபத்தேழு கேள்வி. முதல் கேள்வி, "ஏன் மூன்று?" அதற்கெதிரே "பல கோணங்களிலும் ஆராய்ந்து" என்று தட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கூட்டம். ஒகுசாவா சமூகக் கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி, பாய்த்தரையில் மெத்தைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். நிறுத்தப் போகிறோம் என்று சொல்ல வந்தவர்களுக்கு வறுத்த தேயிலைத் தேநீரும் முள்ளங்கி ஊறுகாயும் முதலில் வந்தன. எங்கள் ஜனங்களின் இந்த மரியாதையை நினைத்தால் சில சமயம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தகானோரி அடுப்புக்குப் பக்கத்தில், தங்கையின் குரல் வரும் திசைக்கு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தான்.

முராகோஷி கும்பிட்டு முடித்தார். மிசாதோ எண்களைப் படித்தாள். இரண்டு புள்ளி எட்டு என்றதும் கூடத்தில் ஒரு சின்ன சலசலப்பு.

ஊர்த் தலைவர் ஹதானோ தொண்டையைக் கனைத்தார். அறுபது வயது மரம்வெட்டி, அதிர்ந்து பேசாதவர். "ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க எண்ணின வாரத்துல நாங்க பஸ்ல ஏறலை."

"ஏறலையா?" என்றாள் மிசாதோ.

"உனக்குத் தொந்தரவு குடுக்க வேண்டாம்னுதான்மா. நீ இந்த ஊர்ப் பொண்ணு. நீ எண்ணும்போது நாங்க கும்பலா ஏறினா, சொந்த ஊர்ச் சனத்தைக் கூட்டி வந்து கணக்குக் காட்டினாள்னு டவுன்ல பேசுவாங்க. உன் பேரு கெடும். அதனால ஒரு வாரம் யாரும் ஏற வேண்டாம்னு பேசி வச்சுக்கிட்டோம். என் சின்ன லாரியிலதான் எல்லாரையும் கொண்டுபோய் விட்டேன். உன் அண்ணனையும்தான்."

"யோசனை சொன்னதே தகானோரிதான்," என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண்மணி. "விவரமான பிள்ளைன்னு பாராட்டினோம். இப்ப பாரு."

சிலர் சிரித்தார்கள். தகானோரியும் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு கழுத்தைச் சொறிந்தான். மிசாதோவுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. வழக்கமாக ஏறும் ஏழெட்டுப் பேர் நாணயமாக, நல்ல எண்ணத்தோடு, அவளுக்காகவே தங்கள் பஸ்ஸைக் கொன்றிருக்கிறார்கள்.

"அப்ப மறுபடி எண்ணலாமே?" என்றார் ஹதானோ.

"வருஷத்துக்கு ஒரு தடவைன்னு விதியில இருக்குங்க," என்றார் முராகோஷி வருத்தமாக. "ஏறாதவங்களை எண்ண வழியில்லை."

"சரி. அப்ப இதையாவது சொல்லுங்க. ஏன் மூணு? ரெண்டுன்னு வச்சிருந்தா நாங்க தப்பிச்சிருப்போமே?"

முதல் கேள்வி. பதில் தாளில் இருந்தது. முராகோஷி அவளைப் பார்த்தார். அவள் தாளைப் பார்த்தாள், எழுத்தெல்லாம் தெரிந்தது, வாய்தான் திறக்க மாட்டேன் என்றது. திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"அதுக்கு... அதுக்குக் காரணமே இல்லை. நான்தான் போட்டேன். இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு, மனசுல தோணின ஒரு எண்ணைப் போட்டேன். அப்புறம் யாராவது கேப்பாங்கன்னு நினைச்சேன். யாரும் விடாமக் கேக்கலை. மூணுங்கறதுக்கு ஒரு காரணமும் இல்லை."

சொல்லிவிட்டோம், இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அவளுக்கு மூச்சு இறங்கியது. பல மாதத்துக்குப் பிறகு விட்ட முதல் முழு மூச்சு அது. அடுத்த மூச்சு இழுப்பதற்குள் முராகோஷி இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படும்படி குனிந்துவிட்டார்.

"மன்னிக்கணும்," என்றார், குனிந்தபடியே. "குனிதொமோ-சான் எவ்வளவு மனசு ஒடிஞ்சு போயிருக்காங்கன்னு நீங்களே பாத்தீங்க. பிறந்த ஊரு. அந்தப் பழி முழுசையும் தன் தலையில போட்டுக்கப் பாக்கறாங்க. ஒரு சின்ன ஊழியரா இதைத் தீர்மானிக்க முடியும்? இவங்களை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது எங்க தப்பு."

அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, சத்தியமாகக் கலங்கியிருந்தது. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"இல்லை, நிஜமாவே நான்தான்," என்றாள் மிசாதோ. "சார், உங்களுக்கே தெரியும். நாலு வேண்டாம்னு, ரெண்டு கம்மியா இருக்குன்னு..."

"போதும் கண்ணு, போதும்," என்றாள் அந்தப் பெண்மணி, எழுந்து வந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே. "உன் மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. தேத்தண்ணி குடி."

அவள் பேசப் பேச அவர்களுக்கு அவள் மீது இரக்கம்தான் கூடியது. உண்மையைச் சொல்ல அவளிடம் இன்னும் வார்த்தை இருந்தது. கேட்டுக்கொள்ளத்தான் அங்கே ஒருவரும் இல்லை.

ஒருத்தனைத் தவிர. தகானோரி சிரிப்பை நிறுத்தியிருந்தான். சின்ன வயதில் மிசாதோ பொய் சொன்னால் குரல் மணி மாதிரி தெளிவாக வரும், உண்மை சொல்லும்போதுதான் தடுமாறுவாள். அது அவனுக்குத் தெரியும். இப்போது கேட்டது தடுமாறுகிற குரல்.

ஹதானோவும் அவன் பக்கம் திரும்பினார். "தகானோரி, நாங்கள்லாம் எப்படியாவது லாரியில தொத்திக்குவோம். தினம் போகணும்கறவன் நீ. காலையில ஆறரைக்கு நான் காட்டுல இருப்பேன், தினமும் என்னால முடியாது. உனக்கு மனசு ஒத்துக்கலைன்னா சொல்லிடு. நாம மேயருக்கு மனு போடுவோம். இந்த மூணு எங்கேர்ந்து வந்துதுன்னு ஆணிவேர் வரைக்கும் தோண்டிடுவோம்."

அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. மிசாதோ அண்ணனையே பார்த்தாள். சொல்லு, நான் சொன்னது நிஜம்னு சொல்லு என்று மனசுக்குள் மன்றாடினாள். தோண்டினால் முதலில் அகப்படுவது அவள்தான். அகப்படட்டும் என்றுதான் அந்த நேரத்தில் இருந்தாள்.

தகானோரி முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றான். முராகோஷி இருக்கும் பக்கமென்று நினைத்து, கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்துக் குனிந்தான்.

"மனு ஒண்ணும் வேண்டாம் மாமா. ஆபீஸ்ல யோசிக்காம எதையும் செய்ய மாட்டாங்க. பல கோணத்துலேயும் பாத்துதான் செஞ்சிருப்பாங்க." நிமிர்ந்தான். "எங்க தரப்புல ஆட்சேபணை இல்லை."

ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் ஆட்சேபணை இல்லை என்றார்கள். முராகோஷி மறுபடி குனிந்தார். குறிப்பெடுப்பது மிசாதோவின் பொறுப்பு என்பதால், அதையும் அவளே எழுத வேண்டியிருந்தது. "ஊரார் விளக்கத்தை ஏற்றனர்." எழுதி முடித்து நேரத்தையும் போட்டாள். இரண்டு ஐம்பது.

முராகோஷி காரை எடுத்து வரப் போனார். கூடத்து வாசலில் தகானோரி ஷூவைத் தடவித் தேடி மாட்டிக்கொண்டிருந்தான். மிசாதோ அவன் முன்னால் உட்கார்ந்து நாடாவைக் கட்டிவிட்டாள்.

"நான் சொன்னது நிஜம்னு உனக்குத் தெரியும்லண்ணா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. பஸ் வந்திருக்குமா, அதுவும் நிச்சயமில்லை. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கும் வேலை போகணுமா மிசா?" அவன் கோபமாகப் பேசவில்லை. ஆலையில் விலை சொல்வது போலச் சொன்னான். "ஏறாதேன்னு ஊரைக் கெடுத்தவன் நான். நீ போட்டது நம்பர்தானே, கணக்கை அதுக்குக் கீழே இறக்கினது நான்."

"உன் தப்பு இல்லைண்ணா."

"உன் தப்பும் இல்லைன்னு வச்சுக்குவோம். அப்ப யாரு தப்பு?"

இருபத்தேழு கேள்வியில் அது இல்லை. கீழே வளைவில் முராகோஷியின் கார் திரும்பும் சத்தம் கேட்டது. தகானோரி குளிருக்குக் கழுத்துத் துணியை இழுத்து விட்டுக்கொண்டான்.

"அந்த விடுதிக்கு மனு எழுதிப் போடணுமே, அது உங்க ஆபீஸ்லதானே? எந்தக் கவுண்டர்ல குடுக்கணும்?"

மிசாதோ வாயைத் திறந்தாள். ஆபீசில் வந்து கேட்பவர்களுக்குச் சொல்கிற குரல், மணி மாதிரி, தானாக வந்தது.

"ஆறாம் நம்பர். நலத்துறை. டாக்டர் சர்டிஃபிகேட்டும் உன் பேர் முத்திரையும் கொண்டு வரணும். புதன்கிழமை வந்தா கூட்டம் இருக்காது," என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "மார்ச்சுக்குள்ள வந்துடுண்ணா. அதுக்கப்புறம் வர்றதுக்கு பஸ் இருக்காது," என்றாள்.